குடிக்காதவர் பட்டியலில் என் ரத்தம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராகப் போகாது. வரியின் தொடக்கத்தில் கோட்டின் மேல் இருப்பது முடிவதற்குள் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். செகந்திராபாத்தில் ரயில்வே காலனியை ஒட்டி இருந்த தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை இருந்தது, வீட்டில் கஷ்டமும் இல்லை, படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. எழுந்து நின்று பதில் சொல் என்று வாத்தியார் சொன்னாலே எனக்கு வயிறு வலிக்கும். அந்த வலிக்கு மருந்தாகப் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். தவறுகள் இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் பார்க்கிற வேலை ரத்தம் கொண்டு போவது. அமீர்பேட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே குடியால் கல்லீரல் கெட்டு வார்டில் படுத்திருப்பவர்களிடம் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுப்பார்கள். அதை வாங்கி, பைக்கின் பின்னால் கட்டியிருக்கிற நீலப் பெட்டியில் வைத்து, ஜீடிமெட்லா தாண்டி இருக்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ரத்தம் என்றதும் எல்லோரும் "ஐஸ் வெச்சியா?" என்று கேட்பார்கள். வைக்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கிற அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். குளிரும் அதுகளுக்கு ஆகாது, வெயிலும் ஆகாது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். மே மாதத்தில் பாலாநகர் சிக்னலில் நிற்கும்போது பெட்டியின் மேல் என் நிழல் விழுகிற மாதிரி பைக்கைத் திருப்பி நிறுத்துவேன். ஆறு வருடத்தில் ஒரு குழாயைக்கூட நான் கெடுத்ததில்லை. எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் பெட்டியை வாங்குவது பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு பெண். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். நான் அவரைப் பொள்ளாச்சி மேடம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். நேரில் "ம்மா" என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். குழாய்களை எடுத்துப் பெட்டியைத் துடைத்துக் கொடுக்க அரை மணி ஆகும். அதுவரைக்கும் நான் கதவோரம் நிற்பேன். என் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"இதெல்லாம் எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாங்ணா?" என்றார் ஒரு தடவை.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"குடிக்கக் குடிக்கக் குடலோட சுவர் ஒழுக ஆரம்பிக்குமுங்ணா. குடல்ல இருக்கிற கிருமிங்களோட தோல் துணுக்கு ரத்தத்துல கலந்து நேரா கல்லீரலுக்குப் போகும். அங்க காவலுக்குன்னே சில அணுக்கள் உக்காந்திருக்கும். துணுக்கப் பாத்ததும் அதுங்க சத்தம் போடும். நெசச் சத்தமில்லீங்க, ஒரு ரசாயனத்தக் கக்கும். அது எட்டுனதும் ரத்தத்துல சுத்திட்டிருக்கிற மத்த அணுக்கள் எல்லாம் ஓடி வரும். வந்ததுங்க சும்மா நிக்குமா? கல்லீரலையே கடிச்சு வெக்கும். அதுதானுங்க அழற்சி."

எனக்கு நாங்கள் குடியிருக்கிற பஸ்தித் தெரு ஞாபகம் வந்தது. "நாய் மாதிரியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த நாய்ங்ணா?"

"எங்க தெருவுல ஒண்ணு குரைச்சா எல்லாம் குரைக்கும். இன்னாத்துக்குன்னு மொத நாய்க்கு மட்டுந்தான் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "இன்னொண்ணும் சேத்துக்குங்ணா," என்றார். "பல வருஷம் குடிச்சவங்களோட அணுக்கள், திருடன் வந்தாலும் குரைக்கும், பால்காரர் வந்தாலும் அதே மாதிரி குரைக்கும். நிறுத்தத் தெரியாது."

அந்தக் குரைப்பை அளப்பதுதான் அவர் வேலை. ரத்தத்திலிருந்து அந்த அணுக்களைப் பிரித்து, கிருமித் தோலை ஒரு துளி காட்டி, ஒரு ராத்திரி வைத்திருப்பார். மறுநாள் அது கக்கிய தண்ணீரை எடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் விடுவார். இட்லித் தட்டைப் பொம்மை விளையாட்டுக்குச் சுருக்கிச் செய்தால் எப்படி இருக்கும், அப்படிச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. கடைசியில் ஒரு மருந்து விட்டால் குழிகள் மஞ்சளாகும். நிறையக் குரைத்திருந்தால் எலுமிச்சம்பழ மஞ்சள். அமைதியாக இருந்திருந்தால் தண்ணீர் மாதிரி.

போன வருடம் மே மாதம் அவருக்கு ஒரு தேவை வந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயசு ஆண்களில் குடிக்காதவர்களின் ரத்தம் வேண்டும். "நீங்க தருவீங்களாங்ணா?" என்றார். அவர் என்னிடம் ஒன்று கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. தலையை ஆட்டினேன்.

வாசலில் வாட்ச்மேன் மேசை மேலேயே விண்ணப்பத்தை வைத்து மேடம் கேட்டு எழுதினார். வாட்ச்மேன் இருந்தார், படிக்கிற பெண்கள் இரண்டு பேர் லிஃப்டுக்காக நின்றிருந்தார்கள். வயசு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி சிகரெட். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்து குடிப்பழக்கம். அதைப் படித்ததும் அவர் சிரித்தார்.

"இத உங்ககிட்டப் போய்க் கேப்பனாங்ணா!" என்று சொல்லி, 'இல்லை' என்கிற கட்டத்தில் தானே ஒரு டிக் போட்டுவிட்டார்.

நான் தினமும் குடிப்பவன்.

இருபது வருடமாக, சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருமுனை ஒயின் ஷாப்பை ஒட்டி, நின்று குடிக்கிற பர்மிட் ரூமில் ஒரு குவார்ட்டர். எட்டு மணிக்கு வீடு, சாப்பாடு, தூக்கம். தெருவில் விழுந்ததில்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதனால் வீட்டைத் தாண்டி வெளியில் யாருக்கும் தெரியாது. ருசிக்காகப் போனேன் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்கத் தலையை ஆட்டுகிற நான் அந்த ஒரு மணி நேரம் பேசுவேன். அங்கே என்னை "லீடர்" என்று கூப்பிடுவார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் கதை சொல்லிப் பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள்.

டிக் விழுந்ததும் வாயைத் திறந்தேன். லிஃப்ட் இன்னும் வரவில்லை. அந்தப் பெண்கள் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குள் மேடம் கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்டினார். போட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னிடமும் எடுத்தார்கள். பெட்டியில் ஆறு குழாய், பெயர் கிடையாது, எண் மட்டும். ஐந்து நோயாளிகளுடையது, ஆறாவது என்னுடையது. என் ரத்தத்தை நானே கட்டிக்கொண்டு பாலாநகர் மேம்பாலம் ஏறினேன். எப்போதையும்விட மெதுவாக ஓட்டினேன் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனபோது மேடம் முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் கேண்டீன் பஃப்ஸ்தான். மேசையில் இரண்டு காலித் தாள் கிடந்தது, கையில் மூன்றாவது.

"பாருங்ணா," என்று தட்டைக் காட்டினார். ஆறு பேருக்கும் ஒரே மஞ்சள். அஞ்சு வரிசை மஞ்சளாக இருக்கலாம், ஆறாவது இருக்கக் கூடாது. குடிக்காதவருடைய அணுக்கள் இப்படிக் குரைத்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்றார். வழியில் பெட்டி சூடாகியிருக்க வேண்டும், இல்லை என்றால் அவருடைய மருந்தில் கிருமி கலந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அன்று வந்த ஆறு குழாயையும் நம்ப முடியாது. பெரிய சார், அதாவது அந்தக் கூடத்துக்குத் தலைவர், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அந்த ஆறையும் கழித்துக் கட்டச் சொல்லிவிட்டாராம்.

"திரும்ப எடுத்துக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிங்ணா? அந்த அஞ்சு பேரும் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுத்தது. இப்ப மருந்து ஏறிட்டுது. அந்த ரத்தம் இனி கெடைக்காது. அவங்களுக்காக நான் நாலு மாசம் காத்திருந்தேன்." பஃப்ஸைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பத் தயங்கிக் கேட்டார். "அன்னிக்கு வழியில எங்கியாச்சும் வெயில்ல நின்னீங்களாங்ணா? கோவிச்சுக்காதீங்க."

"இல்லம்மா."

"எனக்குத் தெரியுமுங்ணா. அப்ப என் கைதான் கெட்ட கை."

பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் ஹெல்மெட்டை உள்ளேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போக முகமில்லை. வாட்ச்மேன்தான் எடுத்து வந்து கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பர்மிட் ரூமில் இதைச் சொன்னேன். என் பக்கத்தில் எப்போதும் நிற்கிற ஆட்டோக்காரர் தம்ளரை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்கு சொல்லணும் மியா? நக்கோ, வேணாம்! உன் மேல யார் சந்தேகப்பட்டாங்க? கம்முனு இரு."

"அந்தப் பொண்ணு நாலு மாசம் உழைச்சிருக்கு பாய்."

"ஹவ், ஆமா, உழைச்சிருக்கு. நீ போய்ச் சொன்னா உன் வேலை போயிடும். அப்புறம் நீ இங்க வர மாட்டே. எங்களுக்கு யார் கதை சொல்வாங்க?"

ஆனாலும் அன்றைக்கு அங்கேயே ஒரு பேச்சைத் தயார் செய்தேன். எவ்வளவு நல்ல பேச்சு! எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, மேடம் அழுதால் என்ன சொல்வது, எல்லாம் இருந்தது. சுற்றி நின்றவர்கள் "வாஹ் லீடர்!" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. குடிக்காமல் என்னால் பேச முடியாது. குடித்துவிட்டு அந்த வாசலுக்குள் போக முடியாது. முதல் தடவையாக எனக்குக் குவார்ட்டர் மேல் கோபம் வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டாள். "இன்னாய்யா மூஞ்சி இது? சாம்பார்ல உப்பு இல்லியா?"

சொன்னேன். கேட்டு முடித்ததும், வீட்டில் மருமகள் இருக்கிறாள் என்றும் பார்க்காமல், வாயைத் திறந்து சிரித்தாள்.

"உன்னையா குடிக்காதவன்னு எழுதினாங்க? யாருய்யா அந்த மகராசி? எனக்குப் பாக்கணுமே!"

"சிரிக்காத. வேலை போயிடும்."

"போனா வேற பெட்டி தூக்கு. அந்தப் பொண்ணு கை கெட்ட கைன்னு சொல்லிச்சுன்றியே, அது உனக்குத் தொண்டையில மாட்டலியா? போய்ச் சொல்லிட்டு வா. திட்டினா வாங்கிக்க. திட்டு வாங்கறது உனக்கு இன்னா புதுசா?"

திங்கட்கிழமை அமீர்பேட்டிலிருந்து ஜீடிமெட்லா வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் நான் அவரிடம் பேசுவதாக நினைத்து "என்ன?" என்று கேட்டார். ஹெல்மெட்டுக்குள் நன்றாக வருகிறது. முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்கு வார்த்தை வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

உள்ளே போனபோது மேடம் சிவப்புக் குப்பைப் பையை விரித்து வைத்திருந்தார். தட்டுகளும் சின்னக் குப்பிகளும் மேசை மேல் வரிசையாக இருந்தன. நான் பெட்டியோடு போய் அவர் எதிரில் நின்று சொல்ல ஆரம்பித்தேன்.

"ஒண்ணுமே கேக்கலீங்ணா. ஹெல்மெட்டக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

"கழட்டினா சொல்ல மாட்டேன்மா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கிட்ட வந்து, கண்ணாடி மூடியை மட்டும் இரண்டு விரலால் மேலே தள்ளிவிட்டு, "இப்பச் சொல்லுங்க," என்றார்.

"ஆறாவது குழாய் என்னுது. நான் குடிக்கிறவன். இருபது வருஷமா. பெட்டி சூடாகலம்மா. உங்க கையும் கெட்ட கை இல்ல. என் ரத்தந்தான் அப்படி."

"எவ்வளவு குடிப்பீங்க?"

"குவார்ட்டர்."

"வாரத்துக்கா?"

"தினம்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சேத்தி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிவப்புப் பையை மடித்து மேசைக்குள் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

கோபம் அதற்கப்புறம் வந்தது. "இந்தக் கூடத்துல இருக்கிற ஒரே நல்ல மனுசன்னு நெனச்சு டிக் போட்டனேங்ணா!"

"நான் நல்ல மனுஷன்தாம்மா," என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை.

பெரிய சார் தெலுங்குக்காரர். இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேடமைப் பார்த்து "அடகலேதா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். கேட்கவில்லையா என்று அர்த்தம். மேடம் தரையைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏமண்டி, நீங்க இவ்வளவு கூச்சப்படறீங்க, உங்க அணுக்களுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லையே. பெயர் போடாத குழாயிலிருந்து எல்லாத்தையும் சொல்லிடுச்சே," என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் மேடமைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் குடிக்காதவர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அதே மருந்து, அதே பெட்டி, அதே வழியில் உண்மையாகவே குடிக்காத ஒருவரின் ரத்தத்தை வைத்துப் பார்த்தால் மேடம் கை தப்பா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றார் சார். அந்த ஒருவரைத் தேடத்தான் பத்து நாள் ஆனது. வாட்ச்மேனிடம் ஒழுங்காகக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். ஜெனரேட்டர் பார்க்கிறவர் "பண்டிகைக்கு மட்டும்" என்றார், எத்தனை பண்டிகை என்று கேட்டால் விரல் போதவில்லை. கடைசியில் கேண்டீனில் பஃப்ஸ் போடுகிறவர் தேறினார். அவர் வரிசை தண்ணீர் மாதிரி வந்தது. அந்த ஐந்து பேருடைய குழாய்களும் தப்பித்தன. மேடம் அன்றைக்குப் பஃப்ஸ் சாப்பிடவே இல்லை.

என்னைச் சார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ஆனால் பெட்டி இல்லாமல். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கிறது, ரத்தத்திலும் அழற்சி தெரிகிறது, ஆனால் தழும்பு இன்னும் விழவில்லை, நிறுத்தினால் திரும்பி வரும் என்றார் டாக்டர். தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, கை நடுங்கினாலோ தூக்கம் போனாலோ உடனே வா என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அந்தப் பத்து நாள் லீவில் இருந்தேன். நடுங்குகிற கையில் பெட்டியைத் தூக்க எனக்கே இஷ்டமில்லை. ஏழு மணி ஆனால் என் மனைவி என்னை வெங்காயம் உரிக்க உட்காரவைத்துவிடுவாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் வெங்காயம்.

ஆட்டோக்கார பாய் ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். டீ குடித்தோம். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. கிரிக்கெட் பார்த்தோம். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது வாரம்தான் நான் ஒரு கதை சொன்னேன். பழைய அளவுக்கு அவர் சிரிக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

கார்த்திகை மாதம் மேடம் மறுபடியும் என் ரத்தத்தை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை 'நிறுத்தியவர்' என்று எழுதி. தட்டில் முழு மஞ்சளும் இல்லை, தண்ணீரும் இல்லை. "பாதிப் பேரு தூங்கிட்டாங்ணா, மீதிப் பேரத் தூங்கப் பண்றது உங்க பொறுப்பு," என்றார்.

அதற்குப் பிறகு சார் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். ரத்தம் கொடுக்க வருகிறவர்களை வாசலில் வைத்துக் கேட்கக் கூடாது. கதவு மூடிய அறையில்தான் கேட்க வேண்டும். அவர்கள் பயப்படாமல் பதில் சொல்ல, கேட்பதற்கு முன் நான் அவர்களோடு ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். நான் முடியாது என்றேன். சார் கேட்கவில்லை. முதலில் வந்தவர் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆள், என் வயசு. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் முடிகிற நேரத்தில் தெலுங்கில், "நான் தினம் ஒரு குவார்ட்டர் குடிச்சவன், அத மறைச்சு இங்க ஒரு பொண்ணோட நாலு மாச வேலையக் கெடுக்கப் பாத்தேன்," என்றேன். அவர் நெடுமூச்சு விட்டு, "நான் அரை," என்றார். மேடம் உள்ளே வந்ததும் அவரே சொல்லிவிட்டார்.

இதுவரை பதினோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காது சூடாகிறது. அதனால்தான் மேடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "எழுதிக் குடுத்துருங்ணா, வர்றவங்க படிச்சுக்கட்டும்," என்றார். ஒரு மாதம் தள்ளிப்போட்டு எழுதிய பிறகுதான் ஒன்று தோன்றியது. இங்கே ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருபதில் ஒருவர் இருந்தால் அதிகம். மேடமிடம் சொன்னேன். "அப்ப மத்தவங்களுக்கெல்லாம் நீங்க வாயாலதான் சொல்லணுமுங்ணா," என்றார். நாளை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வருகிறார்கள்.

எழுதி முடித்தது மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.